ஹேகருக்கு விவரம் தெரிந்த இடம்

பைன் ரோ பருத்தித் தோட்டத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய பிறகும் ஹேகர் அங்கே வெளியூர்க்காரிதான். அதற்குப் பாதிக் காரணம் ஊர். மீதிக் காரணம் அவளுடைய வாய்.

எங்கள் தீவுகளில் ஓர் ஆள் எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. பிறந்த இடத்தைப் பார்ப்பதில்லை, எஜமான் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து இறக்கிய இடத்தையும் பார்ப்பதில்லை. எங்கே விவரம் தெரிந்ததோ அதுதான் ஊர். பாலுக்கு அழுகிற பிள்ளை, இது நெருப்பு, இது என் அம்மா, இது பொய் என்று என்றைக்குப் புரிந்துகொள்கிறதோ, அன்றைக்கு அது நிற்கிற மண் அதனுடையது. ஜெப வீட்டில் அதற்கு அங்கேதான் பெஞ்சு, செத்தால் அங்கேதான் குழி. எஜமான்கள் எங்கள் உடம்பை விற்றார்கள், பிள்ளைகளை விற்றார்கள். இதை விற்க மட்டும் அவர்களுக்கு வழி தெரியவில்லை. அதனாலேயே நாங்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தோம்.

ஹேகருக்கு விவரம் தெரிந்தது வடக்கே எடிஸ்டோ தீவில், ஹாலோ க்ரீக் தோட்டத்தில். பதினாறு வயதில் அவளைப் படகில் ஏற்றி செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுவந்து பைன் ரோவில் விட்டார்கள். வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. இங்கே சிப்பி அவித்தால் ஹாலோ க்ரீக் சிப்பி இதைவிடப் பெரிது என்பாள். இங்கே வட்டமாக நின்று கைதட்டிப் பாடினால், எங்கள் ஊரில் இப்படியா பாடுவார்கள், தரை அதிரும் என்பாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்.

"அவ்வளவு இனிச்சா அந்தக் கெழங்கையே கட்டிக்கிட்டு அங்க கெடந்திருக்க வேண்டியதுதானேடி. எங்க அடுப்புல வந்து ஏன் பொறுக்கித் தின்னுற?" என்பாள் பக்கத்து வீட்டு ரைனா.

"பசிக்குத் தின்னுறேன், ருசிக்கா தின்னுறேன்?" என்பாள் ஹேகர்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கேட்டோ என்கிற பைன் ரோக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அவளுக்கு ஒரு புகைபோக்கி கட்டிக் கொடுத்தான். டைட்டஸ் என்று ஒரு மகன் பிறந்தான். கேட்டோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அத்தனைக்குப் பிறகும் ஜெப வீட்டில் ஹேகருக்குக் கதவோரக் கடைசி பெஞ்சுதான், அது விருந்தாளிகளின் பெஞ்சு.

அப்புறம் பீரங்கி நாள் வந்தது. எஜமான்களோடு சண்டைக்கு வந்த வடக்கு ராணுவத்தின் கப்பல்கள் காலையிலிருந்து கோட்டைகளை அடித்துக்கொண்டிருந்தன. சட்டியில் வைத்த தண்ணீர்கூட நடுங்கியது. எங்கள் எஜமான் வெளுத்த முகத்தோடு கத்தினார். உச்சி வேளைக்குள் அத்தனை பேரும் துறைக்கு வந்து தட்டைப்படகில் ஏற வேண்டும், எல்லாரையும் உள்நாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றார். அறுபது பேர் ஏறக்கூடிய பெரிய படகு அது. போயிருந்தால் விடுதலை என்ற சொல்லை இன்னும் நான்கு வருஷம் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது. எஜமான் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குதிரை மேல் ஏறினார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

படகை யார் மூழ்கடித்தது? கங்காணி லைமஸ், தான்தான் என்றான். அவனும் எங்களைப் போல அடிமைதான், ஆனால் நேற்றுவரை எஜமானுக்காக எங்களைக் கொம்பு ஊதி எழுப்பி, வேலையில் சுணங்கியவன் முதுகைச் சாட்டையால் கணக்குப் பார்த்தவன். காற்று மாறியதும் அவனும் மாறிவிட்டான். "கர்த்தரே, கைக்கு பலம் தாரும்னு சொன்னேன். கோடாலிய ஓங்கி ஒரே போடு! முன்பக்கம் பொளந்துபோச்சு!" சொல்லச் சொல்லக் கோடாலி பெரிதாகிக்கொண்டே போனது. ஜனங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஹேகர் மட்டும் அந்தக் கதை வரும்போதெல்லாம் குனிந்து கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருப்பாள்.

எஜமான்கள் போன இடத்தில் ராணுவம் வந்து உட்கார்ந்தது. தீவுகளும் துறைகளும் எல்லாம் இனி அவர்கள் ஆளுகை. படகேற ஒரு சீட்டு, துறை கடக்க ஒரு சீட்டு, உப்புக்கறியும் கல் போன்ற பிஸ்கட்டும் வாங்க ஒரு சீட்டு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு கேப்டன் லேத்ரப் என்பவரைப் போட்டார்கள். பாஸ்டன்காரர், ஒல்லி, கொசு கடித்துக் கடித்துச் சிவந்த கழுத்து. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காகிதத்தில் இருப்பதுதான் உலகம் என்று நம்பி வளர்ந்தவர், அவ்வளவுதான்.

முதல் குளிர்காலத்தில் அவர் எஜமானின் பெரிய வீட்டு வாசலில் மேஜை போட்டு எல்லாருடைய பெயரையும் ஒரு புத்தகத்தில் எழுதினார். ஹேகரின் முறை வந்தது.

"நீங்க எந்த இடத்தைச் சேர்ந்தவங்க?"

இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? "ஹாலோ க்ரீக்," என்றாள் ஹேகர், தலையை நிமிர்த்தி. அவரும் எழுதிக்கொண்டார்.

எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்போம். அந்தப் பதில் காலைச் சுற்றும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்த மே மாதம் அதே ராணுவம் வந்து, வயலில் நின்ற வாலிபர்களைத் துப்பாக்கி முனையில் சிப்பாயாக்கக் கூட்டிக்கொண்டு போனது. டைட்டஸும் போனான். விடுதலை தருகிறேன் என்று வந்தவன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து ஹேகர் களைக்கொத்தை வீசியெறிந்துவிட்டு ஒரு மைல் தூரம் வைதுகொண்டே பின்னால் ஓடினாள். சில மாதத்தில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் டைட்டஸ் தானாகவே போய்ப் படையில் சேர்ந்தான், இந்த முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நீலச் சட்டையில். "வீட்ட விட்டு எங்கயும் போயிராதம்மா. எனக்கு இந்தக் கதவு ஒண்ணுதான் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த மார்ச்சில், விதைப்புக்கு முன்னால், ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு தோட்டத்து நிலமும் அந்தத் தோட்டத்து ஜனங்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும். மற்ற இடத்து ஜனங்கள் அவரவர் ஆட்களோடு போய்ச் சேர வேண்டும். எடிஸ்டோ தீவை ராணுவம் கைவிட்டு ஜனங்களை எல்லாம் கிளப்பி ஒரு முகாமில் வைத்திருந்தது. புத்தகத்தின்படி ஹேகர் ஹாலோ க்ரீக். ஆகவே சனிக்கிழமை காலை அவளைப் படகில் ஏற்றி அந்த முகாமுக்கு அனுப்புவார்கள். அவள் வீடும், ஓடையோரம் அவள் கொத்திச் சோளம் போட்டுவந்த எட்டுத் துண்டு நிலமும் வேறு ஆளுக்கு. வேறு ஆள் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. உத்தரவு வாசித்த அன்றே லைமஸ் அவள் நிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹேகர் நேரே கேப்டனிடம் போனாள்.

"ஐயா, ஹாலோ க்ரீக் ஆளுங்ககிட்ட எனக்கு என்ன இருக்குன்னு அனுப்புறீங்க? என் புருஷன் குழி இங்க. என் மகன் வந்து தட்டுற கதவு இங்க."

"நான் என்ன செய்யட்டும் ஹேகர்? நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கு?"

"எங்க குடியிருக்கேன்னு நீங்க கேக்கலையே. எந்த இடத்தைச் சேர்ந்தவன்னுல்ல கேட்டீங்க!"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் கேப்டன். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். பாஸ்டனில் ஒன்றாக இருக்குமோ என்னவோ.

கடைசியில் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஒரு வழி சொன்னார். "உங்க ஜெப வீட்டுப் பெரியவர் பாரிஸ் என் முன்னால பைபிள்ல கை வச்சு, இவங்க பைன் ரோக்காரங்கதான்னு சொல்லட்டும். அப்பவே திருத்திடறேன்."

ஹேகருக்குப் பாதி உயிர் வந்தது. பாரிஸ் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது பதினேழு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் அவள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

பாரிஸ் மரத்தடியில் வீச்சுவலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"ஹேகர், என் நெலத்துல பாதியக் கேளு, தர்றேன். என் நாக்க மட்டும் கேக்காத."

"ஒரு வார்த்ததான பெரியவரே."

"வேதத்து மேல கை வச்சுச் சொல்ற வார்த்த. உனக்கு விவரம் தெரிஞ்சது இங்க இல்ல. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், முப்பது வருஷமா நீ கத்துன கத்துல இந்தத் தீவு நண்டுக்கெல்லாம் தெரியும். நான் எப்படிம்மா மாத்திச் சொல்லுவேன்?" சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற ரைனா சும்மா இருப்பாளா? "போயேன்டி. அங்கதான் கெழங்கு தேனா இனிக்குமே."

ஹேகர் பதில் பேசாமல் திரும்பினாள். அவள் பதில் பேசாமல் போனதை ரைனா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். ஹேகருக்குக் கோபம். அதைவிட எரிச்சல், பாரிஸ் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை என்பது. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தாழ்க்கட்டையைப் போட்டாள். ஒரு முழ நீளம், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த ஓக் கட்டை. போட்ட கையை அதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்றாள். பாரிஸ் சொன்னது சரி என்றால், அவர் இதுவரை கேட்காத ஒன்றும் இருந்தது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்பை மூட்டி வயிறு நிறையச் சோளக்கஞ்சி காய்ச்சிக் குடித்தாள்.

சனிக்கிழமை காலை வற்றம், கடல் தண்ணீர் இறங்கியிருந்தது. துறையில் பழைய தட்டைப்படகு பாதிச் சேறும் பாதி வெயிலுமாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ராணுவப் படகில் இரண்டு சிப்பாய்கள் துடுப்போடு காத்திருந்தார்கள். கேப்டன் புத்தகமும் கையுமாக வந்திருந்தார். ஊரே வந்திருந்தது. லைமஸ் நிலம் அளக்கிற கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டே வந்திருந்தான், அவ்வளவு அவசரம்.

ஹேகர் நடந்து வந்தாள். தலையில் சிவப்புத் துணி, கையில் அந்த ஒரு முழக் கட்டை. வேறு ஒன்றும் இல்லை.

"மூட்டை எங்கே?" என்றார் கேப்டன்.

"மூட்டை எதுக்கு ஐயா? நான் எங்கயும் போகலையே."

கூட்டம் சலசலத்தது. ஹேகர் பாரிஸைப் பார்த்துத் திரும்பினாள். "பெரியவரே, ஊர் முன்னால ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. விவரம் தெரியறதுன்னா என்னது?"

"இது என்னம்மா கேள்வி? இது சரி, இது தப்புன்னு ஒருத்தனுக்கு, வேற யாரும் சொல்லாமலே, அவன் மனசுல படணும். அதான் விவரம்."

"யாரும் சொல்லாமலே?"

"யாரும் சொல்லாமலே."

"அப்பச் சரி. ஹாலோ க்ரீக்குல எழுந்திரின்னாங்க, எழுந்தேன். உக்காருன்னாங்க, உக்காந்தேன். எது சரின்னு எஜமானி சொன்னா, எது தப்புன்னு சாட்ட சொல்லிச்சு. படகுல ஏறுன்னாங்க, பெத்த அம்மா கரையில நின்னு அழ அழ ஏறிட்டேன். ஏறக்கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல பெரியவரே! இங்க வந்தும் லைமஸ் கொம்புக்கு எழுந்தேன், லைமஸ் கொம்புக்குப் படுத்தேன். நாப்பத்தஞ்சு வருஷம் யாரும் சொல்லாம நான் ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டதில்ல. பீரங்கி நாள் வரைக்கும்."

கூட்டம் நெருங்கி வந்தது. அவள் தட்டைப்படகைக் காட்டினாள்.

"அன்னிக்கு எஜமானியம்மா பெட்டியத் தூக்கிட்டுப் போய்ப் படகுல வையின்னு என்னைய முன்னாடியே அனுப்பிட்டாங்க. பெட்டிய வச்சேன். ஒருத்தர் இல்ல. டம்டம்னு கடல் அதிருது. அந்தப் பின்பலகையில உக்காந்தேன். ஒரு தடவ படகுல ஏறினோம், அம்மா போனா. இன்னொரு தடவ ஏறினா என்னென்ன போகுமோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. யாரும் சொல்லல. தானா வந்துச்சு! காலடியில பாத்தேன், மழத்தண்ணி வடிக்கிற துளைய அடைச்ச கட்டை. எஜமானியோட வெள்ளி விளக்குத்தண்டால தட்டித் தட்டிப் புடுங்கிட்டேன். பெட்டிய அந்தத் துளை மேலேயே வச்சுட்டு, கட்டையோட வீட்டுக்கு வந்துட்டேன்."

"பொய்!" என்று கத்தினான் லைமஸ். "நான்தான் கோடாலியால முன்பக்கத்த..."

"முன்பக்கம் அதோ கெடக்குது லைமஸ். பொளந்த எடத்தக் காட்டு."

எல்லாரும் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷமாக அந்தப் படகு அங்கேதான் கிடந்தது. கதை அவ்வளவு நன்றாக இருந்ததால் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. முன்பலகை முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அது... வேற படகா இருந்திருக்கும்," என்றான் லைமஸ். ரைனாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. சிப்பாய்கள்கூடச் சிரித்தார்கள்.

இரண்டு பேர் சேற்றில் இறங்கிப் பின்பக்கத்தைக் கையால் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் துளை அகப்பட்டது. ஹேகர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். கட்டையின் சிறுத்த முனையைத் துளையில் வைத்து, காலை ஊன்றி, உள்ளங்கையால் ஓர் அடி அடித்தாள். கட்டை உள்ளே போய், அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஆமாம், அதற்கு அளவெடுத்துச் செய்ததுதானே.

"இத்தன நாள் ஏன்டி சொல்லல?" என்றாள் ரைனா.

"மொதல்ல எஜமான் திரும்பி வந்தா தூக்குல போடுவான்னு பயம். அப்புறம் லைமஸ் அவ்வளவு அழகாச் சொல்லிட்டிருந்தான். கதவோரத்துல உக்கார்ற வெளியூர்க்காரி எழுந்து, நான்தான்னு சொன்னா நீ நம்பியிருப்பியா?"



ஹேகர் சேற்றிலிருந்தே பாரிஸை நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் சொல்லாமலே எனக்கு ஒண்ணு சரின்னு பட்டது அன்னிக்குத்தான் பெரியவரே. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? நீங்களே சொல்லுங்க."

பாரிஸ் தொப்பியைக் கழற்றினார். சேற்றில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். பிறகு கேப்டனைப் பார்த்து, எங்கள் ஜெப வீட்டுக் கூரையைத் தூக்குகிற அந்தக் குரலில் சொன்னார்: "வேதத்தைக் கொண்டாங்க ஐயா! இப்பச் சொல்றேன். இவளுக்கு விவரம் தெரிஞ்சது பைன் ரோவுல. இந்தத் துறையில, இந்தப் படகுல. இவளுக்குத் தெரிஞ்சதாலதான் இங்க நிக்கிற அறுபது பேருக்கும் இன்னிக்கு ஒரு விவரம் இருக்கு. இவ எங்க பொம்பள!"

அதற்கப்புறம் துறையில் எழுந்த சத்தத்தை நான் என்ன எழுதுவது? கைதட்டலும் பாட்டும் ஒன்றாகக் கிளம்பின. சேற்றிலேயே வட்டம் சுற்றினார்கள், நடுவில் ஹேகர். ஹாலோ க்ரீக்கில்கூட அப்படித் தரை அதிர்ந்திருக்காது.

கேப்டன் லேத்ரப்புக்கு முழுசும் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அவரும் தொப்பியைக் கழற்றியிருந்தார். புத்தகத்தை முழங்காலில் வைத்து ஹாலோ க்ரீக்கை அடித்து, பைன் ரோ என்று எழுதினார். வயது என்ற இடத்தில் முன்பு ஏதோ மை கொட்டியிருந்தது.

"வயசு என்ன ஹேகர்?"

"ஒரு வருஷம் நாலு மாசம் ஐயா."

அவர் சிரித்துக்கொண்டே சுமார் நாற்பத்தாறு என்று எழுதினார். அந்தப் புத்தகத்தில் தன் பேருக்கு நேரே இருக்கிற பொய் அது ஒன்றுதான் என்று ஹேகர் பிற்காலத்தில் சொல்வாள்.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் ரைனா தன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைக் கையால் தட்டினாள். ஹேகர் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குனிந்து, "ஆனாலும் கெழங்கு ஹாலோ க்ரீக் கெழங்குதான்," என்றாள். ரைனா அவள் தொடையில் கிள்ளினாள்.

தட்டைப்படகைத் துடைத்து, தார் பூசி, அடுத்த பெரிய ஏற்றத்தில் கடல் தண்ணீர் உயர்ந்தபோது மிதக்கவிட்டார்கள். எங்கள் பருத்தி அதில் போனது, எங்கள் கல்யாணங்கள் அதில் வந்தன. துறையில் அதற்குப் பெயரே ஹேகர் படகு. எட்டுத் துண்டு நிலமும் அவளிடமே நின்றது. லைமஸின் அளவுக் கயிறு ரொம்ப நாள் அவன் பன்றியைக் கட்டத்தான் பயன்பட்டது.

சண்டை முடிந்து, அதற்கடுத்த குளிர்காலத்தில், ஒரு காலை வேளை டைட்டஸ் வந்தான். நீலச் சட்டை வெளுத்திருந்தது, தோள் அகலமாகியிருந்தது. அதே புகைபோக்கி, அதே கதவு. தட்டலாம் என்று கையை வைத்தான், கதவு தானாகத் திறந்துகொண்டது. அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அவளைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்ட பிறகுதான் அவன் கதவைப் பார்த்தான். "இதென்னம்மா, தொறந்து போட்டுட்டு இருக்க? தாழ்க்கட்டை எங்க?"

"அது படகுக்குப் போயிருச்சுடா. மூணு வருஷமா தாழே இல்ல," என்றாள் ஹேகர். "வா, உள்ள வந்து உக்காரு. கஞ்சி ஆறுது."